பழைய பி.எஸ்.ஏ. எம்20: எஞ்சின் பிரித்துக் கட்டியாச்சு, முதல் ஸ்டார்ட்டுக்கு முன்னால் எண்ணெய் ஓட்டத்தை எப்படிச் சோதிப்பது?

மௌல்மீன் எம்20 எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் பெரியப்பா ஓட்டிய பி.எஸ்.ஏ. எம்20 மோட்டார் சைக்கிள் ஒன்று இருக்கிறது. 496 சிசி, சைடு வால்வு, முன்னால் கர்டர் ஃபோர்க். போர் முடிந்து ராணுவம் கழித்துவிட்ட வண்டிகளில் ஒன்று என்று பெரியப்பா சொல்வார். டேங்கின் பெயின்டைச் சுரண்டினால் அடியில் பச்சை தெரிவதால் அது உண்மை என்றே நினைக்கிறேன். அவர் போன பிறகு வண்டி சமையல்கட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் நெடுங்காலம் கிடந்தது. பர்மாவில் எங்கள் மௌல்மீன் மழை உங்களுக்குத் தெரியும். எஞ்சின் இறுகிப்போய்விட்டது.

இப்போது முழுதாகப் பிரித்துக் கட்டியிருக்கிறேன். சிலிண்டர் ரீபோர் செய்து 40 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் நாற்பது பங்கு) ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டாச்சு. கிராங்கை (பிஸ்டன் சுற்றிவிடும் தண்டு) லேத் பட்டறையில் கொடுத்துப் புது கிராங்க் பின், புது ரோலர் போட்டு நேர் பார்த்து வாங்கினேன். உறவுக்காரர் ஒருவர் ஊருக்குப் போய் வரும்போது ரோலர் செட்டைச் சென்னையிலிருந்து கொண்டுவந்து கொடுத்தார். ஆயில் பம்பைப் பிரித்துப் பெட்ரோலில் கழுவி, புது பேக்கிங் வைத்து மாட்டியிருக்கிறேன். எஞ்சின் ஃபிரேமில் ஏறிவிட்டது. ஆயில் டேங்கில் எண்ணெய் ஊற்றவில்லை. பெட்ரோலும் இல்லை.

இங்கேதான் கை நடுங்குகிறது. எங்கள் தெருவில் ஒருவர் இதே மாதிரி பழைய வண்டியைக் கட்டி, முதல் ஸ்டார்ட்டில் சத்தம் அருமையாக இருக்கிறது என்று ஊரையே கூப்பிட்டுக் காட்டினார். வீட்டுக்குத் திரும்பும் முன் பிக் எண்ட் (கனெக்டிங் ராடு கிராங்கில் மாட்டும் இடத்துப் பேரிங்) போய்விட்டது. எண்ணெய் ஏறவே இல்லை என்று பிறகு சொன்னார்கள். ஏன் ஏறவில்லை என்று யாரும் சொல்லவில்லை.

ஆயில் டேங்க் மூடியைத் திறந்து, ரிட்டர்ன் குழாயில் எண்ணெய் வருவதைப் பார்த்தால் போதுமா? பிரஷர் கேஜ் ஒன்று மாட்டலாமா? என்ன எண்ணெய் ஊற்றுவது? தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள். பெரியப்பாவின் வண்டி, இரண்டாவது தடவை கிராங்கைப் பிரிக்க எனக்கு மனசும் இல்லை, பணமும் இல்லை.

மண்டலே பைக் எழுதியது:

தம்பி, ரொம்ப யோசிக்க வேண்டாம். டேங்கை நிரப்பு, பிளக்கைக் கழற்றி நாலு உதை உதை, மாட்டி ஸ்டார்ட் பண்ணு. ஒரு நிமிஷத்தில் ரிட்டர்ன் வந்தால் சரி, வராவிட்டால் நிறுத்து. இங்கே எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம். சம்பில் (எஞ்சினின் அடிப்பகுதி) ஒரு கிளாஸ் எண்ணெய் ஊற்றிவிட்டு ஆரம்பித்தால் ரிட்டர்ன் சீக்கிரம் வரும்.

தட்டோன் ஃபிட்டர் எழுதியது:

மண்டலே தம்பி சொல்வதை அப்படியே விட்டுவிட முடியாது. கோபிக்க வேண்டாம். பிக் எண்ட் போன எஞ்சின்கள் என்னிடம் வரும்போது, கொண்டுவருபவர் சொல்கிற முதல் வார்த்தையே "ரிட்டர்ன் நல்லா வந்துச்சே" என்பதுதான்.

எம்20இல் எண்ணெய் போகும் வழியை முதலில் மனதில் வாங்கிக்கொள். எண்ணெய் சம்பில் தங்காது, தனி டேங்கில் இருக்கும். டேங்கிலிருந்து தன் பாரத்திலேயே இறங்கிப் பம்புக்கு வரும். பம்பில் இரண்டு ஜோடி கியர் உண்டு. ஒரு ஜோடி எண்ணெயைக் கிராங்குக்குத் தள்ளும், அதுதான் ஃபீட். இன்னொரு ஜோடி சம்பில் விழுந்ததை உறிஞ்சி டேங்குக்கே ஏற்றும், அது ரிட்டர்ன். ரிட்டர்ன் ஜோடி அகலம் அதிகம். சம்ப் நிரம்பிவிடக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். இரண்டும் ஒரே உடலுக்குள் இருந்தாலும் வேலை வேறு, குழாய் வேறு. ஒன்று செத்தாலும் மற்றொன்று ஓடும்.

இப்போது சம்பில் ஒரு கிளாஸ் எண்ணெயை நீயே ஊற்றிவிட்டு, ரிட்டர்னில் எண்ணெய் வருகிறது என்று மகிழ்ந்தால் என்ன அர்த்தம்? கிணற்றில் நாமே குடம் குடமாய்த் தண்ணீர் கொட்டிவிட்டு, அதையே இறைத்துப் பார்த்து ஊற்று இருக்கிறது என்று சொல்வது போலத்தான். வந்தது நீ ஊற்றிய எண்ணெய். கிராங்குக்கு ஒரு சொட்டு போகாவிட்டாலும் அது வரும். அந்தக் கிளாஸ் தீர்ந்த பிறகு வெறும் காற்று வரும். அதற்குள் நீ மூடியைப் போட்டுவிட்டு ரோட்டுக்குப் போயிருப்பாய். சம்பில் எண்ணெய் ஊற்றுவது தப்பில்லை, நானும் ஊற்றுவேன். ஆனால் ஃபீட் வேலை செய்கிறது என்று தனியாகக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஊற்றுவேன்.

பார்க்கும் முறை இது. எஞ்சின் ஃபிரேமில் ஏறிவிட்டாலும் செய்யலாம்.

வண்டியைப் பின் ஸ்டாண்டில் ஏற்று. எஞ்சினுக்கு அடியில் சம்ப் தட்டு இருக்கிறதல்லவா, அதைக் கழற்றி வலையோடு கீழே எடுத்துவிடு. நடுவில் தொங்கும் சின்னக் குழாய் ரிட்டர்ன் உறிஞ்சும் குழாய். அதைத் தொடாதே. அடியில் சுத்தமான தட்டு ஒன்று வை, வெள்ளைப் பீங்கானாக இருந்தால் நல்லது. டேங்கில் எண்ணெய் ஊற்று. பம்புக்கு வரும் ஃபீட் பைப்பின் யூனியன் நட்டைக் கொஞ்சம் தளர்த்தி, குமிழி இல்லாமல் எண்ணெய் ஒழுகும்வரை விட்டு இறுக்கு. இந்த ஒரு வேலையைச் செய்யாததால்தான் பாதி எஞ்சின் போகிறது. பைப்பில் காற்று நின்றால் கியர் பம்பு காற்றையே அரைத்துக்கொண்டிருக்கும், எண்ணெயை இழுக்காது. ரப்பர் ஹோஸ் பழையதாக இருந்தால் யோசிக்காமல் மாற்று. வெளியே நன்றாக இருக்கும், உள் தோல் உரிந்து வழியை அடைத்துக்கொள்ளும். ஃபீட், ரிட்டர்ன் இரண்டு பைப்பும் இடம் மாறவில்லை என்று டேங்க் பக்கத்திலிருந்து கையை வைத்துத் தொடர்ந்து பார்.

பிளக்கைக் கழற்று. பிளக் கேப்பைப் பிளக்கிலேயே மாட்டி, பிளக்கின் உலோகம் எஞ்சினைத் தொடும்படி வை. ஸ்பார்க் போக வழியில்லாமல் சுற்றினால் மேக்னெட்டோவின் (ஸ்பார்க்குக்கு மின்சாரம் தரும் கருவி) காயில் கெடும். டாப் கியரில் போட்டுப் பின் சக்கரத்தைக் கையால் சுற்று. உதைப்பதைவிட இது நல்லது: ஒரே சீராகச் சுற்றும், காலும் வலிக்காது. பம்பை ஓட்டுவது கிராங்கில் இருக்கும் வார்ம் கியர், அதனால் பம்பு எஞ்சினைவிட மெதுவாகத்தான் சுற்றும். பொறுமையாகச் சுற்று. பையன் ஒருவனை உட்காரவைத்துத் தட்டைப் பார்க்கச் சொல்.

கிராங்கிலிருந்து எண்ணெய் சொட்டிச் சொட்டித் தட்டில் விழ வேண்டும். சம்ப் திறந்திருக்கிறது, நீ எதையும் ஊற்றவும் இல்லை. ஆகவே விழுகிற சொட்டு ஒவ்வொன்றும் டேங்கிலிருந்து பம்பு வழியாக வந்ததுதான். கட்டும்போது பூசிய எண்ணெய் முதலில் கொஞ்சம் விழும், அதை நம்பாதே. துடைத்துவிட்டு மறுபடி சுற்று.

சொட்டு வராவிட்டால் வழியில் எங்கே நிற்கிறது என்று பிரித்துப் பார்க்கலாம். பம்புக்கும் கிராங்குக்கும் இடையில் ஸ்பிரிங் வைத்த ஸ்டீல் குண்டு ஒன்று திருகு மூடிக்குள் இருக்கும். வண்டி நிற்கும்போது டேங்க் எண்ணெய் சம்புக்கு இறங்காமல் தடுப்பதற்காக வைத்தது. மூடியைத் திறந்து குண்டையும் ஸ்பிரிங்கையும் எடுத்துவிட்டுச் சக்கரத்தைச் சுற்று. அந்தத் துளையில் எண்ணெய் எழும்பி வந்தால் பம்பு நல்லது, தடை அதற்கு அப்பால். எழும்பாவிட்டால் பம்பு, பேக்கிங், பைப் மூன்றில் ஒன்று. பேக்கிங்கில் துளை வெட்டாமல் வைப்பவர்கள் உண்டு, கேஸ்கட் பசையை அள்ளிப் பூசித் துளையை அடைப்பவர்களும் உண்டு.

கேஜ் வேண்டாம். இந்த பிக் எண்ட் ரோலர், ஷெல் பேரிங் இல்லை. அதற்கு அழுத்தம் வேண்டியதில்லை, எண்ணெய் நில்லாமல் வந்துகொண்டிருந்தால் போதும். கேஜ் மாட்டினால் எஞ்சின் சூடானதும் முள் கீழே படுத்துவிடும். நீ பயந்து நல்ல எஞ்சினைப் பிரிப்பாய்.

உன்னிடம் ஒரு கேள்வி. லேத்தில் கிராங்க் பின் போட்டபோது, ஃபிளைவீலின் எண்ணெய்த் துளையும் பின்னின் துளையும் நேராக நிற்கிறதா என்று பார்த்தார்களா? ஷாஃப்ட் முனையில் ஆயில் கேனை வைத்து அழுத்தி, பிக் எண்டில் எண்ணெய் கசிவதைப் பார்த்தாயா? அந்தத் துளை விலகிப் போயிருந்தால் மேலே சொன்ன எதுவும் உதவாது.

மௌல்மீன் எம்20 எழுதியது:

சயா (பர்மிய மொழியில் ஆசான்), கோடி நன்றி. இவ்வளவு விவரமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

கிராங்கை வாங்கும்போது அந்தச் சோதனையை லேத்காரரே என் முன்னால் செய்து காட்டினார். ஆயில் கேனை ஷாஃப்ட் துளையில் வைத்து அழுத்தினார். ரோலரின் இரண்டு பக்கமும் எண்ணெய் பிதுங்கி வந்தது. வயதான பர்மியர். பின் எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும் என்று ஃபிளைவீலில் கோடு போட்டுவைத்துக்கொண்டுதான் அழுத்தினார்.

நீங்கள் சொன்னபடியே சம்ப் தட்டைக் கழற்றி, டேங்க் நிரப்பி, யூனியனைத் தளர்த்தினேன். முதலில் ஒன்றுமே வரவில்லை. பிறகு குமிழியாக வந்து, ஒரு இருமல் மாதிரி இருமிவிட்டு எண்ணெய் சீராக ஒழுகியது. அப்படியே விட்டு உதைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது. இறுக்கிவிட்டுச் சக்கரத்தைச் சுற்றினேன். தம்பி மகன் அடியில் படுத்துக்கொண்டான். நெடுநேரம் ஒன்றுமில்லை. கை ஓய்ந்தபோது அவன் "வருது, வருது" என்று கத்தினான். தட்டைத் துடைத்து மறுபடி சுற்றினோம், மறுபடியும் சொட்டியது.

இன்னும் இரண்டு சந்தேகம். சொட்டுத்தான் விழுகிறது, தாரையாக வரவில்லை, அது போதுமா? சில சொட்டு கிராங்கில் இல்லாமல் டைமிங் பக்கச் சுவர் ஓரமாக வழிகிறது, அது கோளாறா?

பெகு ஜி3எல் எழுதியது:

தட்டோன் ஐயா சொன்னது எம்20க்கு. என்னைப் போல மேட்ச்லெஸ் ஜி3எல் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அப்படியே செய்யப் போய்விடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

நான் இருப்பது ரங்கூன். 2003இலிருந்து நகருக்குள் மோட்டார் சைக்கிளுக்குத் தடை என்பதால் வண்டி பெகுவில் மாமனார் வீட்டில் நிற்கிறது. லீவு நாளில் போய்த்தான் வேலை பார்க்க முடியும். 347 சிசி, ஓவர்ஹெட் வால்வு. இதிலும் எண்ணெய் தனி டேங்கில்தான், ஆனால் பம்பு கியர் பம்பு இல்லை. ஒரே ஒரு பிளஞ்சர், சுற்றிக்கொண்டே முன்னும் பின்னும் போய்வரும். பிளஞ்சரில் வெட்டியிருக்கும் காடியில் ஒரு சின்ன வழிகாட்டிப் பின் உட்கார்ந்திருப்பதால்தான் அந்த ஓட்டம் வருகிறது. அந்தப் பின் காடியில் சரியாக உட்காராமல் எஞ்சினைச் சுற்றினால் பிளஞ்சர் பல் போகும். கிராங்க் கேஸைப் பிரிக்கும்போதும் பின்னையும் பிளஞ்சரையும் முதலில் வெளியே எடுத்த பிறகுதான் மற்றதில் கை வைக்க வேண்டும். இதைத் தெரியாமல் கெடுத்த பம்புகளைப் பெகுவிலும் ரங்கூனிலும் நிறையப் பார்த்திருக்கிறேன். பம்பு உடல் கிராங்க் கேஸிலேயே துளைத்தது. அது தேய்ந்தால் கேஸையே மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் புஷ் (துளைக்குள் பொருத்தும் உலோக வளையம்) போட வேண்டும்.

ஜி3எல்லில் எண்ணெய் ராக்கர் பெட்டிக்கும் போகிறது. அதனால் அங்கே வரும் பைப்பின் யூனியனைத் தளர்த்தி, எண்ணெய் வருகிறதா என்று பார்க்க ஒரு இடம் கூடுதலாக உண்டு. எம்20 சைடு வால்வு, அதில் மேலே போகும் பைப்பே கிடையாது. மற்றபடி ஐயா சொன்ன ரிட்டர்ன் கணக்கு இரண்டுக்கும் ஒன்றுதான்.

தட்டோன் ஃபிட்டர் எழுதியது:

பெகு தம்பி எழுதியது நல்லது. ஜி3எல்காரர்கள் அதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

மௌல்மீன் தம்பிக்கு. சொட்டு போதும். நீ கையால் சுற்றும் வேகத்தில் தாரையாக வராது. எஞ்சின் தன் வேகத்தில் ஓடும்போது பம்பு பல மடங்கு வேகமாகச் சுற்றும். சுவர் ஓரம் வழிவது, ஷாஃப்ட்டுக்குள் எண்ணெய் நுழையும் இடத்துப் புஷ்ஷின் ஓரத்தில் கசிவது. கொஞ்சம் கசியத்தான் வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் புஷ் காய்ந்துபோகும். கிராங்கில் விழுவது அதிகமா, சுவரில் வழிவது அதிகமா என்று பார். சுவர்தான் அதிகம் என்றால் புஷ் தேய்ந்திருக்கிறது, எண்ணெய் பிக் எண்டுக்குப் போகும் முன்பே வழியில் ஓடிவிடுகிறது. சில சொட்டு என்று நீயே சொல்கிறாய், ஆகவே கவலை இல்லை.

எண்ணெய் பற்றிக் கேட்டிருந்தாய். நம் வெயிலுக்கு எஸ்ஏஇ 40 சாதா எஞ்சின் ஆயில், ஒரே கிரேடு, போதும். இந்த எஞ்சினில் பேப்பர் ஃபில்டர் கிடையாது, டேங்கிலும் சம்பிலும் உள்ள கம்பி வலை மட்டும். முதல் எண்ணெய் எப்படியும் சீக்கிரம் கொட்டப்படும், அதற்கு விலை உயர்ந்த சிந்தெட்டிக் வேண்டாம். உன் எஞ்சின் முழுதாகப் பிரித்துக் கழுவியது. டிடர்ஜென்ட் கலந்த எண்ணெய் கெடுதி செய்யாது. பிரிக்காத பழைய எஞ்சினில் அதை ஊற்றினால் காலகாலமாகப் படிந்த சேறு கரைந்து துளைகளை அடைக்கும். யாராவது அதைப் படித்து உன்னைப் பயமுறுத்தினால் இதுதான் காரணம்.

இப்போது சம்ப் தட்டை மூடு. கால் லிட்டர் எண்ணெயைக் கிராங்க் கேஸுக்குள் ஊற்று. சைடு வால்வு எஞ்சினில் கேமும் டாப்பெட்டும் சிலிண்டரும் கிராங்க் அடித்து எறிகிற எண்ணெயில்தான் நனைகின்றன. முதல் நிமிடத்தில் அவை காயாமல் இருக்கத்தான் இந்தக் கால் லிட்டர். எவ்வளவு ஊற்றினாய் என்பதை மறக்காதே. டேங்கில் எண்ணெய் மட்டத்தை ஒரு குச்சியால் அளந்து கோடு போட்டுக்கொள்.

ஸ்டார்ட் ஆனதும் இக்னிஷன் லீவரை ரிடார்டிலேயே (ஸ்பார்க் தாமதமாக வரும் நிலை) விட்டுவைக்காதே, உடனே அட்வான்ஸுக்கு (முன்கூட்டியே வரும் நிலை) தள்ளு. இல்லாவிட்டால் எக்ஸாஸ்ட் பக்கம் சிவக்கச் சூடாகும். மெதுவான ஐடிலில் விடாதே, எண்ணெய் தெறிக்காது. கொஞ்சம் வேகமான ஐடிலில் வை. எஞ்சினுக்கு முன்னால் மேசை விசிறி ஒன்றை ஓடவிடு, நிற்கிற வண்டிக்குக் காற்று கிடையாது. மூடியைத் திறந்து ரிட்டர்னைப் பார். ஒரு நிமிடம் தாண்டியும் ஒன்றும் வராவிட்டால் நிறுத்து.

அதன் பிறகு டேங்க் மட்டத்தைப் பார்த்துக்கொண்டே இரு. உண்மை அங்கேதான் தெரியும்.

ரிட்டர்ன் வந்து, மட்டம் கோட்டுக்கு மேலே கால் லிட்டர் அளவு ஏறி, அதோடு ரிட்டர்ன் அடியோடு நின்றுவிட்டால் ஃபீட் இல்லை. நீ ஊற்றியது திரும்பி வந்துவிட்டது, புதிதாக எதுவும் கீழே போகவில்லை. அந்த நொடியே நிறுத்து.

மட்டம் இறங்கிக்கொண்டே போய், சைலன்சரில் நீலப் புகை கிளம்பினால் ஃபீட் இருக்கிறது, ரிட்டர்ன் இல்லை. சம்ப் நிரம்புகிறது. இதிலும் நிறுத்த வேண்டும். ஆனால் பிக் எண்ட் பிழைக்கும்.

மட்டம் கொஞ்சம் ஏறி ஒரு இடத்தில் நின்று, ரிட்டர்ன் காற்றும் எண்ணெயுமாகத் துப்பித் துப்பி வந்துகொண்டே இருந்தால் அதுதான் சரியான ஓட்டம். ரிட்டர்ன் பம்பு பெரியது என்று சொன்னேன் அல்லவா, சம்ப் காலியானதும் இடையிடையே காற்றை விழுங்கும். விட்டு விட்டு வருகிறது என்று பயப்படாதே. நிறைய நேரம் தடையில்லாமல் தாரையாகவே வந்தால்தான் சம்பில் எண்ணெய் தேங்கியிருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் ஓட்டாதே. நிறுத்தி, கை வைக்கும் அளவு ஆறவிட்டு, மறுபடி.

மௌல்மீன் எம்20 எழுதியது:

சயா, ஸ்டார்ட் ஆகிவிட்டது! அந்தச் சத்தத்தைக் கேட்டு அம்மா சமையலை விட்டுவிட்டு ஓடிவந்துவிட்டார். பெரியப்பா வந்து நிற்கிற மாதிரி இருக்கிறது என்றார்.

ஆனால் நீங்கள் சொன்ன இரண்டாவது நிலைதான் வந்தது. ஒரு நிமிடம் போல ஆனது, ரிட்டர்னில் ஒரு சொட்டு இல்லை. புகை கிளம்ப ஆரம்பித்தது. குச்சியை விட்டால் மட்டம் கோட்டுக்குக் கீழே. உடனே நிறுத்திவிட்டேன். நீங்கள் முன்பே சொல்லியிருக்காவிட்டால் ரிட்டர்ன் இல்லை என்றதும் பம்பே செத்துவிட்டது என்று முழுதையும் பிரித்திருப்பேன். மட்டம் இறங்கியிருந்ததால் ஃபீட் நல்லது என்று தெரிந்தது, மனம் கொஞ்சம் ஆறியது.

சம்ப் தட்டைக் கழற்றினேன். ஒரு சின்னக் கிண்ணம் நிறைய எண்ணெய் கொட்டியது. உறிஞ்சும் குழாயின் வாயில் விரலை வைத்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றச் சொன்னேன். விரலை இழுக்கவே இல்லை. இப்போது அடுத்து எங்கே பார்ப்பது?

தட்டோன் ஃபிட்டர் எழுதியது:

நல்ல வேலை செய்தாய். விரலை வைத்துப் பார்த்ததே பெரிய புத்தி.

அந்தக் குழாய்க்குள்ளும் ஒரு ஸ்டீல் குண்டு இருக்கிறது. அதற்கு ஸ்பிரிங் இல்லை, தன் எடையில் உட்காரும், பம்பு இழுத்தால் மேலே எழும். வண்டி நெடுநாள் கிடந்தால் எண்ணெய் கோந்தாகிக் குண்டை அதன் இருக்கையில் ஒட்டிவிடும். எம்20காரர்கள் எல்லோரும் ஒருமுறையாவது சந்திக்கிற தொல்லை இது. கிராங்க் கேஸைக் கழுவும்போது பெட்ரோல் அந்தக் குண்டுவரை போய்ச் சேராது. மெல்லிய கம்பி ஒன்றின் முனையை வட்டமாகத் தேய்த்துக்கொண்டு, குழாய்க்குள் மெதுவாக மேலே விட்டுக் குண்டைத் தள்ளு. கம்பியை எடுத்ததும் குண்டு டிக் என்று விழும் சத்தம் கேட்க வேண்டும். குத்தாதே, இருக்கையில் கீறல் விழுந்தால் குண்டு மூடாது. மண்ணெண்ணெய் கொஞ்சம் பீய்ச்சிவிட்டுத் திரும்பத் திரும்பத் தள்ளு. பிறகு மறுபடி விரல் வைத்துப் பார்.

அதிலும் இழுக்காவிட்டால்தான் பம்பைப் பார்க்க வேண்டும். பம்பு போல்ட்டை வெறியோடு இறுக்கினால் உடல் வளையும். இறுக்கிய பிறகும் ஸ்பிண்டில் விரலால் சுற்ற வேண்டும்.

மௌல்மீன் எம்20 எழுதியது:

குண்டுதான்! சைக்கிள் ஸ்போக்கின் முனையை உருட்டித் தேய்த்து உள்ளே விட்டேன். முதலில் கல் மாதிரி இருந்தது. மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்துத் தள்ளியதும் பட்டென்று விட்டது. பழுப்பு நிறத்தில் கோந்து வழிந்தது. இப்போது விரலை வைத்தால் அட்டை மாதிரி பிடிக்கிறது.

தட்டை மூடிக் கால் லிட்டர் ஊற்றி, குச்சியில் கோடு போட்டு ஸ்டார்ட் செய்தேன். முதலில் தாரையாக வந்தது. கொஞ்ச நேரத்தில் துப்பத் தொடங்கியது, துப்பிக்கொண்டே இருந்தது. மட்டம் கோட்டுக்கு மேலே கொஞ்சம் ஏறி நின்றுவிட்டது, அதற்குப் பிறகு அசையவில்லை. புகை மெல்ல மெல்லக் குறைந்து போய்விட்டது. ஆறவிட்டு ஆறவிட்டு ஓட்டிப் பார்த்தேன், ஒவ்வொரு தடவையும் அதே மட்டம்.

மண்டலே அண்ணனுக்கும் பெகு அண்ணனுக்கும் நன்றி. தட்டோன் சயா, மௌல்மீன் வந்தால் எங்கள் வீட்டில்தான் சாப்பிட வேண்டும். அடுத்து என்ன செய்வது, எப்போது ரோட்டுக்கு எடுப்பது என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

மண்டலே பைக் எழுதியது:

ஐயா சொன்ன மட்டக் கணக்கை நான் இதுவரை யாரிடமும் கேட்டதில்லை. என் வண்டியில் இந்த வாரமே குச்சி போட்டுப் பார்க்கிறேன்.

தட்டோன் ஃபிட்டர் எழுதியது:

சந்தோஷம் தம்பி. வருகிறேன், கட்டாயம் வருகிறேன். அந்தச் சத்தத்தை நானும் கேட்க வேண்டும்.

ரோட்டுக்கு எடுக்கும் முன் இந்த எண்ணெயைச் சூட்டோடு முழுதும் கொட்டிவிடு. டேங்கையும் சம்பையும் சேர்த்து. இரண்டு வலையையும் வெளுத்த துணியில் தட்டிப் பார். சாம்பல் நிறமாய் மெல்லிய பொடி இருந்தால் புது ரிங்கும் சிலிண்டரும் ஒன்றோடொன்று பழகுவது, அது வரும். மினுமினுக்கும் செதில் இருந்தால், காந்தம் வைத்துப் பார். காந்தத்தில் ஒட்டினால் ரோலர் அல்லது கியர். ஒட்டாவிட்டால் பிஸ்டன் அல்லது புஷ். அப்போது எனக்கு எழுது, ஓட்டாதே.

புது எண்ணெய் ஊற்றினால் ஃபீட் யூனியனை மறுபடி தளர்த்திக் காற்றை வெளியே விட வேண்டும். டேங்கைக் காலி செய்த ஒவ்வொரு முறையும் அது உண்டு. பிறகு ஆற்றங்கரை ரோட்டில் பாதி திராட்டிலில், நடுநடுவே நிறுத்தி, மூடியைத் திறந்து ரிட்டர்னைப் பார்த்துக்கொண்டே ஓட்டு. தட்டோன் ரோட்டில் இப்போதைக்கு விரட்டாதே. இந்த எஞ்சின் 13 குதிரைச் சக்திதான், ஆனால் இழுவை நல்ல இழுவை. அவசரப்படாமல் ஓட்டினால் நம்மைவிட நாள் வாழும்.

மழைக்காலத்தில் வண்டி வாரக்கணக்கில் நிற்கும். ஸ்பிரிங் குண்டு எவ்வளவு நன்றாக மூடினாலும் டேங்க் எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாகச் சம்புக்கு இறங்கும். உதைக்கும் முன் குச்சியை விட்டுப் பார். மட்டம் நிறையக் குறைந்திருந்தால் டேங்கில் மேலே ஊற்றாதே, எண்ணெய் எங்கும் போகவில்லை, கீழே கிடக்கிறது. பிளக்கைக் கழற்றி, டாப் கியரில் சக்கரத்தைச் சுற்றி, ரிட்டர்ன் பம்பு அதை மேலே ஏற்றும்வரை சுற்று. மட்டம் பழைய கோட்டுக்கு வந்த பிறகு ஸ்டார்ட் பண்ணு.